வாளிச் சந்தில் ஓர் இருமல்

மின்சாரம் வர நேரமாகும். டீசலும் இல்லை. நெருங்கி உட்காருங்கள்... ஐஸ் அறைக் கதவை மட்டும் யாரும் திறக்காதீர்கள். மீன் நாறினால் விடிந்ததும் நம் தலைதான் உருளும்.

ஸான்னுவின் இருமலைத்தானே கேட்டீர்கள்? ராத்திரி இரண்டு மணி வாக்கில், என்ன வேலையில் இருந்தாலும், ஒரு தடவை இருமிவிடுகிறானே, அதை. சிகரெட் என்று கேலி பேசுகிறீர்கள். அவன் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. இதோ மூட்டைமேல் சாய்ந்திருக்கிறான். தப்பாகச் சொன்னால் அவனே திருத்தட்டும்.

இது அவனுடைய அப்பாவின் பெரியப்பாவுக்கு நடந்தது. பெயர் செட்டோன்ஜி. வெள்ளைக்காரன் காலம்.

அன்றைக்கும் இரண்டு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. லாகோஸ் தீவில், பணக்கார வீடுகளின் பின்பக்கமாக ஒரு சந்து... ஆள் நடக்கிற அகலம்தான். தெருவில் நடக்கிற யாரும் அதற்குள் வரமாட்டார்கள். வாளிக்காரன் மட்டும் வருவான். ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும் முழங்கால் உயரத்தில் ஒரு தகரக் கதவு இருக்கும். அதைத் தூக்கினால் கக்கூஸ் பலகைக்குக் கீழே வாளி. நிறைந்ததை இழுத்து, காலியை வைத்து, தலையில் சுமந்து துறைக்குப் போய், ஊரைச் சுற்றிக் கிடக்கிற களப்பில், அந்தக் கடற்கழியில் கொட்ட வேண்டும். விடிவதற்குள் முடிய வேண்டும். இதுதான் செட்டோன்ஜியின் வேலை.

அந்த வேலைக்குச் சில விதிகள் இருந்தன. முகத்தில் சாக்குத்துணியைக் கட்டியபின் வாளிக்காரனுக்குப் பெயர் கிடையாது. வாயும் கிடையாது. பேசினால் குரலை வைத்து யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தால் பகலில் சந்தையில் எவனும் பக்கத்தில் நிற்க மாட்டான், எவனும் பெண் கொடுக்க மாட்டான். அதனால் எல்லாமே தட்டுதான். கதவைத் தூக்குமுன் தகரத்தில் தட்டுவான். இரண்டு தட்டு வேகமாக, கொஞ்சம் விட்டு ஒன்று. உள்ளே யாராவது உட்கார்ந்திருந்தால் இருமுவார்கள். இருமல் கேட்டால் தொடக் கூடாது, காத்திருக்க வேண்டும். கேட்காவிட்டால் கதவைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுவிடலாம்.

துணி வியாபாரி அஷாபி அம்மாள் வீட்டில் மட்டும் அநேகமாக எல்லா இரவும் இருமல் வரும். வயசானவள், தூக்கம் கிடையாது, மூக்குப்பொடி வேறு. இரண்டு வறட்டு இருமல், பின்னால் சளியோடு ஒன்று. செட்டோன்ஜி அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவளும் இவனைப் பார்த்ததில்லை. ஆனால் சீக்கிரம் எழுந்து போய்விடுவாள், காக்க வைக்க மாட்டாள். அதுவே இந்த ஊரில் பெரிய மரியாதை.

அன்று தட்டினான். இருமல். இரண்டு வறட்டு, ஒரு சளி.

காத்திருந்தான்.

கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே துணி சரசரக்கவில்லை, பலகை முனகவில்லை. திரும்பத் தட்டினான். உடனே இருமல்... கொஞ்சம் கோபமாக. திரும்பவும் காத்திருந்தான். இன்னும் பாதிச் சந்து மிச்சம் இருந்தது. விடிந்துவிட்டால் சுகாதார இன்ஸ்பெக்டர் சீட்டைக் கிழித்துவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அந்த வாளியை அன்று எடுக்கவில்லை.

மறுநாள் பகலெல்லாம் தூங்கினான். இரவு வந்தபோது அந்த வீட்டில் எல்லா ஜன்னலிலும் விளக்கு. முன்பக்கம் பாட்டு, ஆள் கூட்டம். பணக்காரர் வீட்டில் என்ன விசேஷமோ, நமக்கென்ன. தட்டினான்.

இருமல். அதே இருமல்.

சலித்துக்கொண்டு நின்றபோது அதே வீட்டின் பின்வாசல் கதவு திறந்தது. லாந்தர் வெளிச்சம்... கற்பூர வாசனை. அம்மாளின் மூத்தாள் மகன் ஜோசையா, கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தான். அந்தச் சந்தில் அவன் காலடி பட்டதே அன்றுதான் முதல்முறை.

"ஏன்டா, நேத்து ஏன் வாளிய எடுக்கல? வீடே நாறுது. எடு."

செட்டோன்ஜி தகரக் கதவைக் காட்டி, விரலைத் தொண்டையில் வைத்தான். உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

"உள்ள யாரும் இல்ல. எடுங்கிறேன்ல! இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி உன்ன நாளைக்கே ஊருக்கு அனுப்பவா?"

உள்ளே மறுபடி இருமல். சத்தமாக. தொடர்ந்து... மூச்சுத் திணறுகிறமாதிரி. ஜோசையாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. லாந்தரைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

செட்டோன்ஜி கதவைத் தூக்கினான். பலகை ஓட்டையில் லாந்தர் வெளிச்சம் விழுந்தது. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வாளியை இழுத்ததும் இருமல் பாதியில் அறுந்தது.

துறையில் வாளியைச் சாய்த்தபோது இரும்புச் சரிவில் ஏதோ ஒன்று டணங் என்று பட்டு உருண்டு, களப்புத் தண்ணீரில் விழுந்தது.

"அடேய், எந்தப் பணக்காரன்டா தங்கத்த முழுங்கினது?" என்றான் துறையில் நின்ற படகுக்காரன் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். செட்டோன்ஜியும் சிரித்தான்.

விடிந்ததும் செய்தி வந்தது. அஷாபி அம்மாளைக் கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார்கள். கண்டெடுத்தது முந்தின நாள் காலையில். அதாவது ஜோசையா லாந்தரோடு வந்த ராத்திரி அவள் சவக்கிடங்கில் கிடந்திருக்கிறாள். ஜன்னல் விளக்கும் பாட்டும் துக்கத்துக்கு. கொலைக்காகப் பிடித்திருப்பது வீட்டு வேலைக்காரன் அவோசெயை.

அவோசெ யார் தெரியுமா? செட்டோன்ஜிக்கு நிச்சயம் செய்திருந்த பெண் செனாமியின் தம்பி.

அவோசெ சும்மா இருக்கிற பயல் இல்லை. சின்ன முதலாளி ஜோசையாவை நடித்துக் காட்டுவான். பிரசங்கம் நீண்டால் இரண்டு விரலை மார்புப் பையில் விட்டு, சங்கிலியோடு தங்கக் கடிகாரத்தை எடுத்து, மூடியில் பொறித்த தன் பெயரை ஊரே பார்க்கிறமாதிரி திறந்து... அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. சம்பவத்தன்று அம்மாள் அவனைத் திட்டியிருக்கிறாள். அவன் கள்ளுக்கொட்டகைக்குப் போய்க் குடித்து, அடிதடியில் பத்து மணிக்கு முன்பே காவல் நிலையத்தில் அடைபட்டுவிட்டான். விடியும்வரை உள்ளேதான். ஆனால் ஜோசையா சாட்சி சொன்னான்: இருட்டுகிற நேரத்தில் அம்மாள் அறையிலிருந்து அவோசெ மூச்சிரைக்க ஓடியதைப் பார்த்தேன் என்று.

செட்டோன்ஜி கணக்குப் போட்டுப் பார்த்தான். முதல் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் இருமினாளே! அப்போது அவோசெ கம்பிக்குள் இருந்தான். அப்படியானால் கொன்றது அவன் இல்லை. இரண்டாவது ராத்திரி கேட்ட இருமல்... அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. காது என்று சொல்லிக்கொண்டான். காற்று என்று சொல்லிக்கொண்டான்.

வேறொன்று அவனை அரித்தது. பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத குமாஸ்தாவுக்கு நேற்று வாளி எடுக்கவில்லை என்று எப்படித் தெரியும்? வீட்டில் பிணம் விழுந்த அன்று, அத்தனை துக்கத்தில், வாளி நிறைந்திருப்பதைப் பற்றி எவன் கவலைப்படுவான்?

செனாமியிடம் போய் உள்ளதைச் சொன்னான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"துறைமுகத்துல காவல் வேலைன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"வாளியா தூக்குறீங்க?"

"ஆமா."

அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைக்கவில்லை. "எங்கம்மாவுக்கு இப்ப தெரிய வேண்டாம். முதல்ல என் தம்பியக் கொண்டு வாங்க. அப்புறம் உங்களத் திட்டுறேன்."

காவல் நிலையத்தில் சார்ஜென்ட் வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினான்.

"தள்ளி நில்லு. இன்னும் தள்ளி... அந்த மரத்துக்கு அந்தப் பக்கம். ம், இப்ப கத்து."

கத்தினான். பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் தெருவே கேட்கும்படி கத்தினான். இருமலைச் சொன்னான். வாளியைச் சொன்னான்.

"இருமுனாளா? அந்த இருமல எந்தப் பையில கட்டிக் கொண்டு வந்திருக்க? எடுத்து மேசையில வை பாப்போம்."

நிலையமே சிரித்தது. மறுநாள் போனான். அதற்கு மறுநாளும் போனான். மூன்றாம் முறை வாளித் தண்ணீரை அவன்மேல் ஊற்றினார்கள், குளிச்சிட்டு வா என்று. சுகாதார இன்ஸ்பெக்டரிடம் போனான். "ஒரு வீட்ட எடுக்காம விட்டேன்னு நீயே ஒத்துக்கிறியா?" என்று கேட்டு அபராதம் போட்டான் அவன்.

கடைசியில் கோர்ட். எப்படியோ சாட்சிப் பட்டியலில் அவன் பெயர் ஏறிவிட்டது. இரவல் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தில் சாக்கு இல்லாமல் ஏறி நின்றான். செனாமியின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

"இருமியது அந்த அம்மாள்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அரசு வக்கீல். மொழிபெயர்ப்பாளன் அதைச் சொல்லும்போதே இளித்தான்.

"அஞ்சு வருஷமா கேக்குறேனுங்க. ரெண்டு வறட்டு, ஒரு சளி. லாகோஸ்ல வேற யாருக்கும் அப்படி வராது."

"மணி இரண்டு?"

"ரெண்டுதாங்க."

வக்கீல் உட்கார்ந்தார். டாக்டரை மறுபடி கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: காலையில் பார்த்தபோது உடல் முழுக்க விறைத்துப் போயிருந்தது. முன்னிரவிலேயே உயிர் போய்விட்டது. பத்து மணிக்கு மேல் அந்த அம்மாள் உயிரோடு இருந்திருக்க வழியே இல்லை.

"அப்படியானால் இரண்டு மணிக்கு இருமியது யாரப்பா?"

கோர்ட் சிரித்தது. செட்டோன்ஜி சிரிக்கவில்லை. முதல் ராத்திரியும் அவள் செத்துத்தான் இருந்தாள்.

அப்போது கோர்ட் கடிகாரம் அடித்தது. முன்வரிசையில் ஜோசையாவின் இரண்டு விரல்கள் பழக்கத்தில் மார்புப் பைக்குள் போயின... வெறுமனே வெளியே வந்தன. அவன் அந்த விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தான். ஒருமுறை. இன்னொருமுறை.

டணங்.

எல்லாம் ஒரே அடியில் விளங்கியது. வீடு யாருக்கு என்று சண்டை. அவள் பின்கட்டுக்கு ஓடியிருக்கிறாள். கக்கூஸில் வைத்துத்தான் நெரித்திருக்கிறான். அவள் கை அவன் சங்கிலியைப் பிடித்து அறுத்திருக்கிறது. கடிகாரம் ஓட்டை வழியே வாளியில் விழுந்துவிட்டது. பிணத்தைத் தூக்கி அறையில் போட முடிந்தவனால், அந்த வாளிக்குள் கையை விட முடியவில்லை. எதற்கு விட வேண்டும்? வாளிக்காரன் வருவான், கொண்டுபோய்த் தண்ணீரில் கொட்டிவிடுவான். அதனால்தான் அவள் இருமினாள். எடுக்காதே என்று. உள்ளே ஆள் இருக்கிறது, தொடாதே என்று. ஒரு ராத்திரி இவனைத் தடுத்து நிறுத்தினாள். அடுத்த ராத்திரி மூச்சு முட்ட இருமினாள். இவன் எடுத்துக் கொட்டினான்.

"கடிகாரம்!" என்று அலறினான். "அவன் கடிகாரத்தக் கேளுங்க! எங்கன்னு கேளுங்க! நான்தான் கொட்டினேன்... களப்புல கிடக்கு!"

ஜோசையா அமைதியாக எழுந்து, அதைப் பழுதுபார்க்க இங்கிலாந்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னான். வக்கீல் சொன்னார்: "கிடக்கிறதென்றால் எடுத்து வா." செட்டோன்ஜியைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

தேடினான். நீர் வற்றும்போதெல்லாம் துறைக்கடியில் இடுப்பளவு சேற்றில் கூடையைப் போட்டு அரித்தான். மற்ற வாளிக்காரர்கள் ஒரு வாரம் உதவினார்கள். அப்புறம் அவரவர் பிழைப்பு. ஓட்டைக் குவளை கிடைத்தது. செருப்பு கிடைத்தது. யாருடையதோ பொய்ப்பல் கிடைத்தது. கடிகாரம் கிடைக்கவில்லை.

அவோசெயைத் தூக்கில் போட்டார்கள். செனாமியின் அம்மா, நிச்சயத்துக்கு அவன் கொடுத்த துணியைத் திருப்பி அனுப்பினாள், துவைத்து. செனாமி அவனைத் திட்டக்கூட வரவில்லை.

ஜோசையா அந்த வீட்டில் நன்றாக வாழ்ந்தான். சர்ச்சில் அவனுக்குத் தனி நாற்காலி போட்டார்கள்.

தூக்கில் போட்ட அன்று ராத்திரி செட்டோன்ஜி அந்தத் தகரக் கதவின் முன் நின்றான். வாளியை இழுத்த நாளிலிருந்து அங்கே இருமல் நின்றுபோயிருந்தது. தட்டக் கையைத் தூக்கினான். தட்டவில்லை. தட்டும் முன்பே... உள்ளேயிருந்து தட்டு கேட்டது.

இரண்டு வேகமாக. கொஞ்சம் விட்டு ஒன்று.

அது அவனுடைய தட்டு.

தலையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினான். வேலையை விட்டான். ஊரை விட்டு மேற்கே படகிரி என்கிற கரையோர ஊருக்குப் போய்க் குடிசை போட்டான். அங்கேயும் ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரில் தட்டு கேட்டது. முழங்கால் உயரத்தில். வாளிக்காரன் தட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று வாளிக்காரனுக்குத் தெரியாதா? இருமினான். தட்டு நின்றது... ஆனால் தட்டினது போகவில்லை. வெளியே யாரோ காத்து நிற்கிற அமைதி விடியும்வரை இருந்தது.

ஒரேயொரு தடவை, காய்ச்சலில், இருமாமல் தூங்கிவிட்டான். அந்த மண்சுவரில் எந்தக் கதவும் கிடையாது. ஆனாலும் தகரம் கிறீச்சென்று தூக்கப்படும் சத்தத்தில் கண் விழித்தான். காலையில் பார்த்தால் கணுக்காலில் கறுப்புச் சேற்றில் ஐந்து விரல். அந்த நாற்றம் துறைக்கடியில் மட்டும்தான் உண்டு.

அதற்குப்பின் நாற்பது வருஷம் ஒரு ராத்திரி விடாமல் இருமினான்.

அந்தக் கிழவர் செத்தபோது நம் ஸான்னு வாலிபன். பிணத்துக்குப் பக்கத்தில் ராத்திரி விழித்திருந்தது அவன்தான். இரண்டு மணிக்குத் தட்டு கேட்டது. இரண்டு வேகமாக, கொஞ்சம் விட்டு ஒன்று. இருமுவதற்கு ஆள் இல்லை. ஸான்னுவுக்கு அப்போது எதுவும் தெரியாது, எலி என்று நினைத்தான். பிறகு தகரம் கிறீச்சிட்டது. விளக்கு அணைந்தது. களப்புச் சேற்று நாற்றம் ஒரு அலைமாதிரி வந்து மூக்கில் மோதியது.

விளக்கை ஏற்றிப் பார்த்தான். கிழவரின் வலது கை முழங்கைவரை ஈரம். கழுவி, எண்ணெய் தடவி, நேராக வைத்த கை இறுக்கமாக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்ளே அறுந்த சங்கிலியோடு ஒரு கடிகாரம். மூடியைத் துடைத்தால் பெயர். ஜோசையா.

விடிந்ததும் வீட்டுப் பெரியவர்கள் பழைய கதை முழுக்கச் சொன்னார்கள். கடிகாரத்தைக் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போனான் ஸான்னு.

"எந்தக் கேஸு?" என்றார்கள்.

சொன்னான்.

"தம்பி, அந்த நீதிபதி செத்தாச்சு, வக்கீல் செத்தாச்சு, கொன்னவன் செத்தாச்சு, தொங்கினவன் செத்தாச்சு. யாரைப் பிடிச்சு உள்ள போட? உன்னையா? போய் வித்துட்டுக் கள்ளு குடி."

ஆத்திரத்தில் வெளியே வந்தான். பாலத்தின்மேல் நின்றான். நாற்பது வருஷம் ஒரு மனிதனைத் தூங்க விடாதது, கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு துண்டுத் தங்கம். கையை வீசிக் களப்பில் எறிந்துவிட்டான்.

இன்னொரு முறை கொட்டினமாதிரி.

அன்று ராத்திரி அவன் வீட்டுச் சுவரில், முழங்கால் உயரத்தில்...

சரி. இப்போது தெரிந்ததா அவன் ஏன் இருமுகிறான் என்று? இனிமேல் கேலி செய்யாதீர்கள். மணி என்ன ஆகிறது?... இரண்டாகிவிட்டதா? ஸான்னு. டேய் ஸான்னு, சரியாத்தான சொன்னேன்?

...தூங்கிவிட்டான் போல.

உலுக்குங்கள் அவனை. சீக்கிரம். ...உங்களுக்கும் கேட்டதா? பின்னால்தான். தகரச் சுவரில்.

யாராவது இருமுங்கள்.